குப்பம்மாள் என்று ஒரு வரி

ஈரச் சந்தனத்தின் வாசனை வந்தால் என் காது மடல்கள் சூடாகிவிடும். கோயிலில் விரல் நுனியில் கிள்ளிக் கொடுக்கிற சந்தனம் அல்ல. அப்போதுதான் மழித்த தலையில் அப்பி, வெயிலில் பாதி காய்ந்து, வியர்வையில் பாதி கரைந்து, கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்குமே, அந்தச் சந்தனம். பேருந்தில் முன் இருக்கையில் அப்படி ஒரு தலை வந்து உட்கார்ந்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். திருப்பதிக்குப் பக்கத்துச் சித்தூரில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது லேசான வியாதி அல்ல. (எங்கள் தடத்தில் பாதித் தலை அப்படித்தான் இருக்கும்.)

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு காலத்தில் நான் பெரிய மனிதர்களின் வாழ்க்கையைச் சின்னதாக எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்தாளரோ சிந்தனையாளரோ ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த அம்மாவோ, ஆளுக்கு அரைப் பக்கம். அதில் பிறந்த தேதி இருக்காது. ஊர் அரைகுறையாக இருக்கும். அவர் என்ன செய்தார் என்பது அநேகமாக இருக்கவே இருக்காது. பதிலுக்கு வானம் இருக்கும், மழை இருக்கும், ஒரு ஜன்னல் இருக்கும். நான் வசன கவிதை எழுதுகிறவன். எண்களைக் கண்டால் எனக்குத் தும்மல் வந்த காலம் அது.

அப்போது எனக்கு நாற்பது. சித்தூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காணிப்பாக்கத்துக் கடைகளுக்குப் பிள்ளையார் கேலண்டர், தெலுங்குப் பாட நோட்டு. மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைக்குப் பின்புறம் மாடியில் ஓர் அறை. மனைவிக்குச் சென்னையில் வேலை. மகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். சனிக்கிழமை மாலை போய், திங்கள் விடியலில் திரும்புவேன். மற்ற நாட்களில் அச்சகத்து மேஸ்திரியிடம் ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசினால் அதிகம். குடும்பப் படம் வரையச் சொன்னால் என் மகள் அம்மாவையும் தன்னையும் வாசலில் நிறுத்தி, என்னை மட்டும் ஒரு பேருந்தின் ஜன்னலுக்குள் வரைந்தாள். நன்றாக வரைந்திருந்தாள். பேருந்துக்குப் பலகைகூடப் போட்டிருந்தாள்: சித்தூர்.

அந்த ஜன்னலிலிருந்து இறங்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. திருப்பதியில் எல்லைத் தமிழர்களின் வாசகர் வட்டம் ஒன்று இருந்தது. செயலாளர் முனிரத்தினம், பெயிண்டுக் கடை வைத்திருந்தவர். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் பிறந்து பெயர் வாங்கிய நூறு பேரின் வாழ்க்கைக் குறிப்புகளைப் புத்தகமாகப் போட அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். எழுதுகிறவருக்கு ஒரு வருடம் சம்பளம் போல ஒரு தொகை. அது என் கைக்கு வந்தால் அச்சகத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சென்னையில், என் வீட்டில், என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவைத் திறக்கிற ஆளாக உட்கார்ந்து எழுதலாம். மாதிரிக்கு முப்பது பேரை எழுதிக் கொடுத்தேன்.

முனிரத்தினம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏமி சார் இது, சதுவுதே பாகுந்தி. படிச்சா நல்லாத்தான் கீது. ஆனா எத்தினி புக்கு எழுதினாருன்னு ஒருத்தருக்கும் போடலியே."

"அதெல்லாம் நெட்லயே கிடைக்கும் சார். நெட்ல கிடைக்காததை நான் எழுதறேன்."

(இந்தப் பதிலைச் சொல்லிவிட்டு நான் காற்றில் முடியைக் கோதிக்கொண்டதாக ஞாபகம். அப்போது கோத முடி இருந்தது.)

அவருக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. "பெரியவரு வர்ராரு இல்ல, அவுரே சொல்லட்டும்" என்றார்.

பெரியவர் என்றால் நெடுவெளியன். நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, பன்னிரண்டு வயதில் மேற்கே கொங்குநாட்டில் எங்கோ மலையடிவாரத்துக்குப் போய், அங்கேயே எழுதி எழுதிப் பெரிய ஆளானவர். மேடை ஏறாதவர். செல்போன் வைத்துக்கொள்ளாதவர். சாமி கும்பிடுவதைப் பற்றி நீளமாக, கோபமாக எழுதியவர். அவர் முகம் எங்களுக்கெல்லாம் புத்தகத்தின் பின் அட்டையில்தான் தெரியும். பிடரி வரை புரளும் வெள்ளை முடி, மார்பு வரை தாடி. இருபது வருடமாக அதே படம். பிறந்த மண்ணில் ஒரு பாராட்டு என்று முனிரத்தினம் கடிதம் போட, வருகிறேன் என்று பதில் வந்தது. என் முப்பது குறிப்புகளும் அவருக்குத் தபாலில் போயின. விழா மேடையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நான் எழுதி நானே வாசிப்பது. கேட்டுவிட்டு அவர் சரி என்றால் புத்தகம் எனக்கு.

காலையில் ரயில் நிலையம் போய் அவரை அழைத்து வருகிற பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்னொருவர் அழைத்து வந்தால் அந்த இன்னொருவர் மனதில் இடம் பிடித்துவிடுவார் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

ரயில் வந்தது. முதல் நடைமேடை முழுக்க மூட்டைகளும் குழந்தைகளும் கோவிந்தாவும். அந்தக் கூட்டம் வடிந்த பிறகு சிமெண்டு பெஞ்சில் ஒருவர் மட்டும் மிச்சமிருந்தார். பிடரி வரை வெள்ளை முடி. மார்பு வரை தாடி. மடியில் ஒரு மஞ்சள் பை. வருகிற ஒவ்வொரு முகத்தையும் இவர்தானோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருக்கிற மனிதனை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும். அந்தத் தொழில் எனக்குப் பழக்கம்.

போய்க் காலைத் தொட்டேன். சால்வையைப் போர்த்தினேன். அவர் பதறி எழுந்தார்.

"ஐயா, நான்தான் உங்களைக் கூட்டிப் போக வந்திருக்கேன்."

"வந்துட்டியா நைனா? ஆளு வரும்னு சொல்லிக்கினு இருந்தாங்க. நான்தான் வராதுன்னு நெனச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்."

எவ்வளவு பெரிய மனிதர், ஐம்பது வருடம் கழித்தும் நகரிப் பேச்சை விடவில்லையே என்று எனக்குக் கண் கலங்கியது. அந்த நிமிஷத்திலேயே ஒரு வசன கவிதை உள்ளே புரண்டது. ஆகவே அவர் பெயரைக் கேட்கவில்லை. யாராவது கேட்பார்களா? சந்திரனிடம் போய் நீங்கள் சந்திரன்தானே என்று கேட்பதா?

வாடகைக் காரில் ஏற்றினேன். ஏறியதும் அவர் இருக்கையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "காரு வேறயா" என்றார். அடக்கம் என்று குறித்துக்கொண்டேன். சாலையோரச் சிற்றுண்டிக் கடை ஒன்றில் நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தேன். நான்கு தின்றுவிட்டு, "நீ துன்னியா?" என்று கேட்டார். நான் சாப்பிட்டேனா என்று யாரோ என்னைக் கேட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. அன்று வெள்ளி, சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

காரில் உட்கார்ந்ததும் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். "ஐயா, இது உங்க வாழ்க்கைக் குறிப்பு. மேடையில வாசிக்கணும். தப்பு இருந்தா சொல்லுங்க."

"என்னோடதா?"

"உங்களோடதுதான்."

வாசித்தேன். "தறியின் தாளத்தில் பிறந்து, மௌனத்தின் மடியில் வளர்ந்தவர். கூட்டத்தின் நடுவிலும் தனியாக நடந்தவர். பேசியதைவிடப் பேசாமல் விட்டதே அதிகம். இவர் கைகள் ஒருநாளும் ஓய்ந்ததில்லை. புகழ் இவரைத் தேடி வந்தபோது இவர் ஜன்னலோரம் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்."

கார் தேவஸ்தானத்து மரங்களின் நிழலுக்குள் நுழைந்து வெளியே வந்தது.

"எல்லாம் கரெக்டாத்தான் கீது" என்றார் மெதுவாக. "கை ஓயலன்றது நெஜம். பவர்லூம் வந்தப்புறம் காதுதான் ஓஞ்சிப் போச்சி. மழைதான் அவ்ளோ பாத்ததில்ல. ஆமா, யாரு நைனா உனக்கு இதெல்லாம் சொன்னது?"

"தெரிஞ்சுக்கிட்டேன் ஐயா."

(என் வாழ்நாளில் இதைவிட அகங்காரமான ஒரு வாக்கியத்தை நான் பேசியதில்லை.)

"ஒண்ணே ஒண்ணு. அவ பேரு போடலியே."

"யார் ஐயா?"

"குப்பம்மா. எம் பொஞ்சாதி. அவ போயி பதினாலு மாசம் ஆச்சி. இன்னும் காலையில ரெண்டு டம்ளர்லதான் டீ ஊத்தறேன். ஊத்தினப்புறம்தான் ஞாபகம் வருது. அது ஆறிப் போறவரைக்கும் பாத்துக்கினு இருந்துட்டு நானே குடிச்சிடறேன்."

நெடுவெளியனுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குலுங்குகிற காரில், கடைசி வரியாக அதைப் பேனாவால் எழுதிச் சேர்த்தேன். இனி இந்தக் குறிப்பை யாரும் வெல்ல முடியாது என்று தோன்றியது. சென்னை வீட்டின் கதவுத் தாழ்ப்பாள்கூட என் கைக்குத் தட்டுப்பட்டுவிட்டது.

மண்டப வாசலில் அவர் முகம் போட்ட பேனர், அதாவது நெடுவெளியனின் பின் அட்டைப் படம், ஆள் உயரத்துக்கு நின்றது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் செவப்பா போட்டுட்டாங்க" என்றார்.

முனிரத்தினம் மாலையோடு ஓடி வந்தார். விருந்தினரை அவரோடு மேடைக்கு அனுப்பிவிட்டு நான் வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினேன். அப்போது மலையிலிருந்து இறங்கிய ஒரு வயதான தம்பதி உள்ளே வந்தார்கள். அந்த ஐயாவுக்குப் பளபளவென்று புது மொட்டை, தாடியும் இல்லை, தலை முழுக்கச் சந்தனம். நேராக முன்வரிசைக்குப் போனார்.

நான் குறுக்கே கை நீட்டினேன். "பெரியவரே, முன்வரிசை எழுத்தாளர்களுக்கு. பக்தர்கள் எல்லாம் பின்னாடி உட்காருங்க. ஃபேன் இருக்கு, சந்தனம் சீக்கிரம் காயும்."

அவர் என்னைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். அங்கே மாலைக்குள் உட்கார்ந்திருந்த தாடியைப் பார்த்தார். மனைவியோடு கடைசி வரிசைக்குப் போய்விட்டார். எவ்வளவு பதமாகப் பேசி அனுப்பிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு மைக்கைப் பிடித்தேன். தறியின் தாளம் வந்தது, மௌனத்தின் மடி வந்தது. மேடையில் அவர் ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். கூட்டம் உருகியது. குரலைத் தாழ்த்திக் கடைசி வரிக்கு வந்தேன்.

"மனைவி குப்பம்மாள் மறைந்து பதினான்கு மாதங்கள் ஆகியும், இன்றும் காலையில் இரண்டு டம்ளரில் தேநீர் ஊற்றுகிறார், நம் நெடுவெளியன்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது, கொங்குநாட்டு நிதானத்தோடு.

"ஏனுங்க, யாருங்க அந்தக் குப்பம்மா? நான் எப்பங்க செத்தேன்?"

எல்லாத் தலைகளும் திரும்பின. அந்த அம்மா எழுந்து நின்று பக்கத்து மொட்டையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மொட்டைக்கு வேர்த்துக் கொட்டியது. ஐம்பது வருடமாக மேற்கே பேசிப் பழகிய தமிழ் அந்தப் பயத்தில் பறந்துபோய், பிறந்த ஊரின் பேச்சு வாயில் வந்து விழுந்தது.

"எனக்கு இன்னா தெரியும்? என்னக் கேட்டா? அவன்தான் படிச்சிக்கினு கீறான், அவனக் கேளு."

அந்த நகரிப் பேச்சைக் கேட்டதும் முனிரத்தினத்துக்கு மொட்டை யார் என்று புரிந்துவிட்டது. எனக்கு அரை நிமிஷம் பிந்திப் புரிந்தது. அந்த அரை நிமிஷமும் நான் மைக் முன்னால் புன்னகைத்துக்கொண்டே நின்றதாகச் சொல்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். நெடுவெளியனுக்குக் கண் அறுவை நடந்தபோது அந்த அம்மா மலைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். அவர் தன் கொள்கையைக் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கழற்றி வைத்துவிட்டு, மனைவிக்காக ஒருநாள் முன்னதாகவே வந்து சத்தமில்லாமல் முடியைக் கொடுத்துவிட்டார். முன்னதாக வருவதாக அவர் போட்ட தபால் கார்டு விழா முடிந்த மூன்றாம் நாள் பெயிண்டுக் கடைக்கு வந்து சேர்ந்தது.

மேடையில் இருந்தவர் தானே மாலையைக் கழற்றினார். சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தார். முனிரத்தினம் கையைப் பிசைந்துகொண்டு, "ஐயா, மீரு எவரு? நீங்க யாரு?" என்று கேட்டார்.

"ஏழுமலைங்க. நகரி. தறி ஓட்டறேன். எம் புள்ள பெங்களூர்ல கீறான். போன்ல, ஸ்டேஷன்ல குந்து நைனா, மலைக்குக் கூட்டிக்கினு போக ஆளு அனுப்பறேன்னான். இவுரு வந்தாரு. கால்ல வுழுந்தாரு. காரு, இட்லி, மால. பெங்களூர்ல இப்டித்தான் செய்வாங்க போலன்னு நெனச்சிக்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. நெடுவெளியன்தான் கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்து, மேடையேறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாலையை எடுத்து மறுபடி ஏழுமலையின் கழுத்திலேயே போட்டார். "என்னைவிட உங்களுக்குத்தான் அந்தக் குறிப்பு பொருந்திச்சு" என்றார். "அதான் எழுந்து சொல்லாம வேடிக்கை பார்த்துட்டு இருந்தேன்."

கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் அவர் தலையைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்க முப்பதையும் படிச்சேன் தம்பி. டாக்டர், வாத்தியார், பத்திரிகைக்காரர், எல்லாரும் ஜன்னலோரம் உட்கார்ந்து மழை பார்க்கறாங்க. சத்தியவேட்டுல அவ்வளவு மழை கிடையாது. முப்பது பேருக்கும் ஒரே ரூம், ஒரே ஜன்னல். அது உங்க ரூம்தானே?"

ஆமாம் என்றேன்.

"அதை உங்க பேர்ல எழுதுங்க. அடுத்தவன் பேர்ல எழுதாதீங்க. இன்னிக்கு வாசிச்சதுல ஒரே ஒரு வரிதான் விசாரிச்சு எழுதினது. அந்தக் குப்பம்மா வரி. அதுவும் நீங்க கேட்டு வந்ததில்ல, அவரா சொன்னது, இப்பத்தான் அவர்கிட்ட கேட்டேன்."

புத்தகம் வேலூரில் ஒரு பேராசிரியருக்குப் போனது. நூறு பேருக்கும் பிறந்த தேதி போட்டு நன்றாகவே எழுதியிருந்தார். பிழை திருத்த எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. ஒரு பிழையும் இல்லை. நான் மேலும் ஆறு வருடம் பேருந்து ஜன்னலுக்குள் இருந்தேன். இப்போதும் பாதி வாரம் அங்கேதான்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயர் தங்கிவிட்டது. சாம்பாரில் உப்பு குறைந்தால் என் மனைவி, "இதுல குப்பம்மா இல்லை" என்பாள். நான் எதையாவது எழுதிக் காட்டினால், இப்போது கல்லூரிக்குப் போகிற மகள் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டாமல், "அப்பா, குப்பம்மா எந்தப் பக்கத்துல வர்றாங்க?" என்று கேட்பாள். சென்ட்ரலுக்கு யாரையாவது அழைத்துவரப் போனால், "ஆதார் கார்டு பார்த்துக் கூட்டிட்டு வா" என்று படியிறங்கும்வரை கத்துவாள். நானும் சிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நன்றாகச் சிரிப்பேன்.

அன்றைக்கு மத்தியானம் ஏழுமலையை மலைப் பேருந்தில் ஏற்றிவிட நான்தான் போனேன். வேறு யாருக்கும் என்னை எங்கும் அனுப்பத் தைரியமில்லை, நானாகப் போனேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது அவருக்கு. நான் கீழே நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவன் நானாக இருந்தேன்.

"உங்க பையனுக்குப் போன் போடட்டுமா ஐயா? அவர் அனுப்பின ஆள் ஸ்டேஷன்ல தேடிட்டு இருப்பார்."

"ஆளெல்லாம் ஒண்ணும் அனுப்பியிருக்க மாட்டான் நைனா. அனுப்பறேன்னுவான். அது அவனுக்கு ஒரு பேச்சு. நீ கால்ல வுழுந்தப்பவே எனக்கு டவுட்டுதான். அவன் அனுப்பற ஆளு கால்லயா வுழும்?"

"அப்ப ஏன் வந்தீங்க?"

"வான்னு கூப்ட்டியே."

நடத்துனர் விசிலுக்குக் கையைத் தூக்கினார். நான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, அந்த நீள முடியைக் காட்டி, என்ன வேண்டுதல் என்று கேட்டேன். காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அவ படுத்தப்போ வேண்டிக்கினேன். எழுந்து நடந்தா முடி குடுக்கறேன்னு. அவ எழுந்திருக்கல. சாவு விழுந்த ஊடு, ஒரு வருசம் மலையேறக் கூடாதுன்னாங்க, சரின்னு வளத்துக்கினே இருந்தேன். வேண்டிக்கினது வேண்டிக்கினதுதானே."

பேருந்து நகர்ந்தது. நானும் கூடவே நாலடி நடந்தேன். அவர் தாடியைக் காற்று ஜன்னலுக்கு வெளியே இழுத்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"நைனா, மொட்ட போட்டுக்கினு எறங்கி வந்தா என்னை அடையாளம் கண்டுக்குவியா?"